கெஃபாசி திருடிய சத்து

கெஃபாசி நட்ட முதல் முசாங்கு மரக்கன்றை அவருடைய மச்சான் சாக்கேயோ பிடுங்கி எறிந்தார். இரண்டாவதை ஆடு தின்றது. மூன்றாவதைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கெஃபாசி மக்காச்சோளக் கதிர் சுட்டுத் தின்றுகொண்டிருந்ததை ஊரே பார்த்துச் சிரித்தது.

"என்ன மாப்ள, மரத்துக்குக் காவலா? ஓடிப்போறதுக்கு அது என்ன கன்னுக்குட்டியா?" என்றார் சாக்கேயோ.

"ஆடு உங்களோடது மச்சான். அதக் கட்டிப்போட்டீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

"மரம் நடுற மாப்பிள்ளைய இந்த ஊரு பாத்ததில்ல. நீ வேர் விடப் பாக்குற."

"வேர் விடப்போறது மரம். நான் உங்க தங்கச்சி போன்னு சொன்னா நாளைக்கே போயிடுவேன்."

சாக்கேயோ கேட்டது வெறும் கேலி இல்லை. எங்கள் சிசேரா ஊரில் நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண் ஒரு போர்வையோடும் ஒரு மண்வெட்டியோடும் மனைவியின் ஊருக்கு வந்து வீட்டோட மாப்பிள்ளையாக இருப்பான். அவள் இறந்தால் அதே போர்வையோடு தன் தாயின் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். குடும்பத்துப் பெண்களுக்குப் பொறுப்பாக ஒரு தாய்மாமன் மட்டும் மனைவியைக் கூட்டிவந்து பிறந்த ஊரிலேயே இருப்பார்; சாக்கேயோ அப்படி இருந்தவர். நானும் அப்படி வந்தவன்தான். இங்கே பள்ளிக்கூட வாத்தியார், என் மனைவியின் தோட்டம் கெஃபாசியின் மனைவி டைலேசியின் தோட்டத்தை ஒட்டியது. இந்த வழக்கத்தால் எங்கள் பெண்கள் யாரும் நடுத்தெருவில் நிற்பதில்லை. அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் நாளைக்கு நமக்கு இல்லாத மண்ணில் பதினைந்து வருஷம் கழித்துப் பலன் தரும் ஒன்றை எவன் நடுவான்? ஆண்கள் மழைக்கு மழை விதைப்பார்கள், அறுப்பார்கள், மண்ணை உறிஞ்சி விட்டுவிடுவார்கள். அதைக் கெட்டிக்காரத்தனம் என்றும் சொல்லிக்கொள்வார்கள்.

கெஃபாசி கெட்டிக்காரர் இல்லை. ஏரிக்கரையில் மகோம்போ என்ற மீன்பிடி ஊரில் பிறந்தவர். அங்கே முசாங்கு மரத்தடியில் மக்காச்சோளம் கரும்பச்சையாகச் செழித்து வளர்வதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறார். மழை வந்ததும் மற்ற மரங்கள் துளிர்க்க, அந்த மரம் மட்டும் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். வெயில் காலத்தில் ஊரே காய்ந்து கிடக்கும்போது அது பச்சைப்பசேல் என்று நிழல் தரும். ஏன் அப்படி என்று கேட்டால் அவர் சொல்வார்:

"அது மரியாத தெரிஞ்ச மரம் வாத்தியாரே. விருந்தாளிக்கு எந்திரிச்சு இடம் குடுக்குது."

காரணம் மரியாதை அல்ல. அந்த மரத்தின் இளவேர்களில் கடுகளவு முடிச்சுகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதற்குள் குடியிருந்து, காற்றில் கொட்டிக் கிடக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடி உண்ணக்கூடிய உணவாக மாற்றித் தருகின்றன. கூலியாக மரம் அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. மக்காச்சோளத்தின் வேர் எட்டாத ஆழத்திலிருந்தும் மரம் சத்தை ஏற்றிக் கொண்டுவருகிறது. அத்தனையும் இலைக்குப் போய், முதல் மழையில் இலை உதிர்ந்து மட்குகிறது. மண்ணுக்குள் முடியைவிட மெல்லிய பூசண இழைகள் மக்காச்சோள வேரைப் பற்றிக்கொண்டு, வேர் போகமுடியாத இடுக்கிலெல்லாம் போய்ச் சத்தை எடுத்துவந்து கொடுக்கின்றன. அவற்றுக்கும் கூலி சர்க்கரைதான். மண்ணுக்குக் கீழே எல்லாம் கொடுக்கல் வாங்கல். அங்கே சூனியத்துக்கு வேலையே இல்லை.

இதை நான் வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டு பரீட்சையில் மதிப்பெண் வாங்கினார்கள். வீட்டுக்குப் போய்த் தாயும் தாய்மாமனும் சொன்னதை நம்பினார்கள்.

கெஃபாசியின் மகள் எனெலேசி பிறந்து, வளர்ந்து, அவளுக்கும் ஒரு மாப்பிள்ளை வந்தான். அதற்குள் தோட்டம் முழுக்க முசாங்கு நின்றது. வெயில் காலத்தில் ஊர் மாடுகளெல்லாம் அந்த நிழலுக்கு வந்து, உதிர்ந்த நெற்றுகளைத் தின்று, சாணி போட்டுவிட்டுப் போயின. செம்மண் கறுத்தது. மற்ற தோட்டங்களில் பயிர் முழங்கால் உயரத்தில் அடியிலை மஞ்சளாகி நின்றது. அரசாங்கம் மலிவு விலையில் உரம் வாங்கக் கொடுக்கும் சீட்டு ஊர்த்தலைவியின் உறவுக்காரர்களைத் தாண்டி சாக்கேயோ போன்றவர்களிடம் வருவதே இல்லை. அதைப் பற்றித் தலைவியிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. ஆனால் கெஃபாசியின் பச்சைத் தோட்டத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்க எல்லாருக்கும் தைரியம் இருந்தது.

வரப்புக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் மஞ்சள். செடி எப்படிச் சாப்பிடுகிறது என்று தெரியாதவனுக்கு அது அப்பட்டமான திருட்டாகத்தான் தெரியும். அதற்கு எங்களிடம் பெயரும் தயாராக இருக்கிறது: மஃபும்பா. அடுத்தவன் பயிரின் சத்தைத் தன் நிலத்துக்கு இழுத்துக்கொள்ளும் மருந்து. அந்த மருந்து சும்மா வேலை செய்யாது, வைத்தவன் வீட்டில் ஓர் உயிரைக் கேட்கும் என்பார்கள்.

அந்த வருஷம் மழை நடுவில் டைலேசிக்குக் காய்ச்சல் கண்டது. சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கெஃபாசி தள்ளிக்கொண்டே போனார். மருந்தகத்தில் மருந்து இல்லை. திரும்பி வரும் வழியில் அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு வீடு வரைக்கும் தள்ளிவந்தார்.

மருந்தில்லாத மருந்தகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சாவுக்கு மொட்டையடித்த தலைகளில் முடி முளைக்கும் முன்பே சாக்கேயோ ஊர்க்கூட்டம் கூட்டிவிட்டார்.

சாக்கேயோவைக் கெட்டவர் என்று நான் எழுதமாட்டேன். ஒரே தங்கச்சியைப் பறிகொடுத்தவர். அழுதழுது தொண்டை கட்டியிருந்தது. எனெலேசிக்கும் அவள் பிள்ளைகளுக்கும் இனி அவர்தான் பொறுப்பு. அவர் பயந்தது உண்மையான பயம். மூடநம்பிக்கையின் கொடுமையே அதுதான்: நல்லவனுடைய பாசத்தைக்கூடக் கத்தியாக்கிவிடும்.

கூட்டத்தில் ஊர்த்தலைவி கேட்டாள்: "கெஃபாசி, நீ என்ன சொல்ற?"

"நான் போயிடறேன் தாயே. அது வழக்கம். சண்டை போட வரல. மரத்த மட்டும் வெட்டாதீங்க. அது எனக்கில்ல, எம் மகளுக்கு. மரம் போச்சுன்னா மண்ணு போயிடும், அவ பிள்ளைங்க சோத்துக்கு என்ன பண்ணும்?"

"மரந்தான் மாப்ள மருந்து," என்றார் சாக்கேயோ. "மழையில செத்து வெயில்ல உயிரோட எந்திரிக்கிற மரத்த வேற எங்க பாத்த? எங்க பயிரோட சத்தயெல்லாம் வேரு வழியா உறிஞ்சு உன் காட்டுல கக்குது."

கெஃபாசி இதை எதிர்பார்த்து வந்திருந்தார். எங்கள் பக்கத்து வேளாண் அலுவலர் ஃபைனெஸ் என்ற பெண் ஒரு முறை அவருக்குக் கன்றின் வேர்முடிச்சைக் காட்டியிருந்தாள். கிள்ளிப் பார்த்து உள்ளே சிவப்பாக இருந்தால் முடிச்சு நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். கூட்டத்துக்கு வந்து அவளே விளக்குவதாகச் சொல்லியிருந்தாள். அன்று பார்த்து அவளுடைய மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் இல்லையாம். ஆகவே கெஃபாசி ஈரத்துணியில் சுற்றி ஒரு கன்றை வேரோடு கொண்டுவந்திருந்தார். துணியைப் பிரித்தார். முகத்தில் ஒரு நம்பிக்கை. இத்தனை வருஷத்தில் அவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க முயன்றதில்லை.

"இந்தாங்க, எல்லாரும் பாருங்க. இந்த முடிச்சுதான் மரத்துக்குச் சோறாக்குது. யாரு காட்டுலேருந்தும் எடுக்கல. காத்துலேருந்து எடுக்குது. உள்ள பாருங்க."

கட்டைவிரல் நகத்தால் முடிச்சைக் கிள்ளினார். சிவந்த நீர் நகத்தில் படிந்தது. பெருமையோடு விரலை நீட்டியபடி முன்வரிசையில் ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டே போனார்.

ஒரு பெண் அலறினாள். "ஐயோ, ரத்தம்!"

முன்வரிசை அப்படியே பின்னுக்குச் சரிந்தது. குழந்தைகளை இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

சாக்கேயோ எழுந்திருக்கக்கூட இல்லை. "எந் தங்கச்சி ரத்தம்," என்றார் மெதுவாக. "மரம் குடிச்ச ரத்தம்."

நான் எழுந்தேன். அது இரத்தம் இல்லை, வேர்க்கடலைச் செடியிலும் இதே முடிச்சு உண்டு, நீங்கள் எல்லாரும் தினமும் பிடுங்குகிற செடிதான் என்றேன். வார்த்தை எடுபடாது என்று தெரிந்து, ஓடிப்போய் என் மனைவியின் தோட்டத்திலிருந்தே ஒரு கடலைச் செடியைப் பிடுங்கிவந்து, எல்லார் கண்ணெதிரிலும் அதன் முடிச்சைக் கிள்ளிக் காட்டினேன். அதுவும் சிவப்பு.

கூட்டம் எட்டிப் பார்த்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார்: "அடப்பாவி, பக்கத்துத் தோட்டத்துக்கும் பரவிடுச்சே."

ஊர்த்தலைவி என்னைப் பார்த்தாள். "வாத்தியாரே, உக்காருங்க. நீங்களும் இந்த ஊருக்கு மாப்பிள்ளதான், மறந்துடாதீங்க."

நான் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? நிரூபணத்தையே குற்றத்துக்குச் சாட்சியாக வாங்கிக்கொள்கிற ஒரு சபையில் அடுத்து எதைக் காட்டுவது?

எனெலேசி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஓரமாக மண்டியிட்டிருந்தாள். "மாமா, மரத்த விட்டுடலாமே," என்றாள், கேட்டும் கேட்காமலும்.

"உங்கம்மாவக் குடிச்சாச்சு. அடுத்தது உம் பிள்ளைங்க. விடணுமா, சொல்லு?"

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகிலிருந்த குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள்.

கெஃபாசி போர்வையையும் மண்வெட்டியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் இறங்கிப் போனார். அவர் மேட்டைத் தாண்டும் முன்பே கோடாரிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. வெட்டியதோடு விடவில்லை. சூனியம் வேரில் ஒளிந்திருக்கும் என்று வேரையும் தோண்டி எடுத்து, அந்தத் தோட்டத்திலேயே மூட்டம் போட்டுக் கரியாக்கினார்கள். சாம்பலை நிலமெங்கும் இறைத்தார்கள்.

அடுத்த மழையில் எனெலேசியின் தோட்டத்தில் மக்காச்சோளம் இதுவரை ஊர் பார்க்காத உயரத்துக்கு வளர்ந்தது. தண்டு ஒவ்வொன்றும் பிள்ளையின் மணிக்கட்டுப் பருமன்.

"பாத்தீங்களா வாத்தியாரே?" என்றார் சாக்கேயோ. முகமெல்லாம் சிரிப்பு. "முடிச்ச அவுத்ததும் சத்து எப்படிக் குதிச்சு வருது! இன்னும் என்ன சொல்லப் போறீங்க, புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

புத்தகத்தில் போட்டிருந்ததைச் சொன்னேன். இத்தனை வருஷம் உதிர்ந்த இலையின் மட்கு மண்ணில் மிச்சம் இருக்கிறது. அறுபட்டு உள்ளே தங்கிய சின்ன வேர்கள் அழுகி உரமாகின்றன. மரம் சேர்த்து வைத்திருந்த தாதுச் சத்தையெல்லாம் சாம்பலாக ஒரே நாளில் மண்ணில் கொட்டியிருக்கிறீர்கள். இது மாப்பிள்ளை சேர்த்து வைத்த சோறு. ஒரே மூச்சில் தின்றுகொண்டிருக்கிறீர்கள், அடுத்த வருஷத்துக்குப் பானையில் எதுவும் இருக்காது என்றேன்.

"பொறாம புடிச்சவன் பேச்சு," என்று அவர் மனைவி சொன்னாள்.

எனக்கு வலித்தது அது இல்லை. அறுவடை முடிந்த அன்று எனெலேசி எங்கள் வீட்டு வாசலில் ஒரு கூடை மக்காச்சோளத்தை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நீங்க சொன்னதுதான் தப்பு வாத்தியாரே. அப்பாவ நானும் நல்லவருன்னுதான் நெனச்சிருந்தேன்."

அதற்கடுத்த மழையில் விளைச்சல் பாதியானது. அதற்கும் அடுத்ததில் எனெலேசியின் தோட்டம் மற்றவர்களுடையதைப் போலவே மஞ்சளாக நின்றது. நிழலும் சருகும் இல்லாத மண்ணை மழை அரித்துக்கொண்டு போயிருந்ததால் மற்றவற்றைவிட மோசமாகவே நின்றது. அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களில் அவள் தவிட்டைக் கிளறி நசிமாக் களி ஆக்கினாள். புருஷன் கூலி வேலை தேடி நகரத்துக்குப் போனவன் திரும்பவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, "ஏரிக்கரைக்குப் போகணும். தனியாப் போகப் பயமா இருக்கு, கூட வரீங்களா?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். படித்தவனுக்கு இந்த மாதிரி நம்பிக்கைகள் இருக்கத்தான் செய்கின்றன. கிளம்பினேன்.

மகோம்போவில் முசாங்கு ஒன்றுகூட மிச்சம் இல்லை. எல்லாம் மீன் புகைபோடும் அடுப்புகளுக்குப் போயிருந்தன. கெஃபாசி தன் அக்கா மகன் கொடுத்த ஒண்டுக் குடிசையில் இருந்தார். அவன் அடுப்பில் மீன் புரட்டுவதுதான் வேலை. புகையில் கண் சிவந்து, தோல் சுருங்கிப் போயிருந்தது. மகளைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துத் துடைத்து, கடைசியில் எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பிள்ளைங்க நல்லா இருக்கா?"

எனெலேசி மண்டியிட்டுக் கையை மெல்லத் தட்டினாள், பெரியவர்கள் முன்னால் பெண்கள் செய்வதுபோல.

"அப்பா, நான் திட்ட வரல. கேக்க வந்திருக்கேன். எங்க மண்ணுலேருந்து எடுத்துட்டு வந்தத குடுத்துடுங்க. மாமா மேல இருக்கிற கோவத்த எம் பிள்ளைங்க மேல காட்டாதீங்க."

கெஃபாசிக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

"பயிரு எங்கேருந்து மஞ்சளாகுது? அடியிலேருந்தா, மேலேருந்தா?"

"அடியிலேருந்து."

"ஆமா. அப்படித்தான் ஆகும். எலை இல்லல்ல... மரத்தோட எலைதாம்மா மண்ணுக்கு..."

"மரத்தப் பத்திப் பேசாதீங்கப்பா!" அவள் இரண்டு கையையும் ஏந்தினாள். "எடுத்தத குடுங்க. அவ்வளவுதான் கேக்குறேன். குடுத்துடுங்க."

அடுப்பில் மீன் கருகியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரிம்மா. குடுத்துடறேன்."

"எப்போ?"

"இப்பவே. குடுத்துட்டேன். நீ ஊருக்குப் போ, அது உனக்கு முன்னாடியே போய்ச் சேந்திருக்கும்."

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியாது. அவர் ஒரு பொட்டலம் புகைபோட்ட மீனைக் கொடுத்தார். அவள் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, மினிபஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்டத்தட்ட ஓடினாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கத்தினேன். "செய்யாத குத்தத்த ஒத்துக்கிட்டிருக்கீங்க!"

"இல்லன்னா என்ன சொல்லட்டும் வாத்தியாரே? நான் எடுக்கலன்னு சொன்னா, இல்லாதத எங்கேருந்து குடுப்பான்னு அவளுக்குத் தோணாது. இருந்தும் குடுக்காத அப்பன்னுதான் தோணும். அவ அப்படி நெனச்சுக்கிட்டுப் போவ வேண்டாம்னு பாத்தேன்."

எனெலேசி ஊருக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். அப்பாவைக் காட்டிக்கொடுப்பதாக அவள் நினைக்கவில்லை. அப்பா நல்லவர், கேட்டதும் கொடுத்துவிட்டார் என்று சொல்வதாகத்தான் நினைத்தாள். சாக்கேயோ முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இத்தனை நாள் மனதின் மூலையில் இருந்த சந்தேகம் தீர்ந்த அழுகை அது என்று நினைக்கிறேன்.

மழை வந்தது. பயிர் முழங்கால் உயரம் வந்தது. அடியிலை மஞ்சளானது.

"பாதிதான் குடுத்திருக்கான்," என்றாள் ஊர்த்தலைவி. மீதியையும் வாங்கிவர ஆள் அனுப்பினார்கள்.

நான் போலீஸ் நிலையத்துக்கு ஓடினேன். எங்கள் நாட்டுச் சட்டப்படி ஒருவரைச் சூனியக்காரர் என்று குற்றம் சாட்டுவதே குற்றம். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனா அவரே ஒத்துக்கிட்டாரே வாத்தியாரே? அப்புறம் இதுல யார் யாரக் குத்தம் சொல்றாங்க?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

நான் திரும்பி வந்தபோது கெஃபாசி எனெலேசியின் தோட்டத்து நடுவில் உட்கார்ந்திருந்தார். அடித்திருக்கவில்லை. கட்டியும் வைக்கவில்லை. பயிர் பச்சையாகும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். மழை அவர் மேல் பெய்துகொண்டிருந்தது. மரம் இருந்த காலமாக இருந்தாலும் ஒதுங்க இடம் கிடைத்திருக்காது. இது அதன் இலை உதிர் காலம். என் மனைவி ஒரு பிளாஸ்டிக் தாளைக் கொடுத்தனுப்பினாள். வரப்பிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். மேலே ஒரு வார்த்தை பேசினால் அடுத்து நாங்கள்தான் என்றும் சொன்னார்கள்.

எனெலேசிதான் நசிமா கொண்டுவருவாள். தட்டை அவர் முன்னால் வைத்து, சேற்றில் மண்டியிட்டுக் கை தட்டிவிட்டு, தாழ்ந்த குரலில் கெஞ்சுவாள்: "இன்னும் கொஞ்சம் குடுங்கப்பா. கொஞ்சம் குடுத்தாப் போதும், விட்டுடுவாங்க."

"குடுக்குறேம்மா," என்பார் அவர், பல் கிட்டிக்க. "குடுத்துக்கிட்டுதான் இருக்கேன்."

மார்ச்சளி முற்றி அங்கேயே இறந்தார். மாப்பிள்ளையின் உடலை மனைவியின் ஊரில் புதைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. மீன் லாரி ஒன்றைப் பிடித்து, போர்வையில் சுற்றி மகோம்போவுக்கு அனுப்பிவிட்டார்கள். மக்காச்சோளம் அந்த வருஷமும் மஞ்சளாகத்தான் இருந்தது.